ஜூஸ் இல்லாத ரத்த தானம்

தலைவர் பிறந்த நாளுக்கு ரத்த தான முகாம் போடாத கட்சி உண்டா? கொடுப்பது 350 மில்லி. அதற்கு முன் விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், 12.5க்குக் குறைந்தால், "முருங்கைக்கீரை சாப்பிட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். கொடுத்தவருக்கு ஜூஸ், பிஸ்கட், சான்றிதழ், வட்டச் செயலாளரோடு போட்டோ. மறுபடி கொடுக்கக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

பாம்புக்கடி மருந்துக்காகக் குதிரையும் ரத்தம் கொடுக்கிறது. ஆனால் அது கட்சி உறுப்பினர் அல்ல. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனிடம் எடுத்த நஞ்சு வெளிமாநில லாயங்களுக்குப் போய், சிறிது சிறிதாக அதன் உடம்பில் ஏறுகிறது. எதிர்ப்பு சக்தி ஊறியதும் கழுத்து நாளத்தில் தடித்த ஊசி. எடையில் ஒன்றரை சதவீதம் எடுக்கலாம் என்று கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 6 லிட்டர். பிஸ்கட்டைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

விதி இருக்கட்டும், லாயம் எப்படி இருந்தது? பத்தாண்டுக்கு முன் விலங்கு நல வாரியத்தின் ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ரத்தசோகை, கெட்டுப்போன குளம்பு, பழுதான கண், ஆறாத புண், எலும்பு தெரியும் விலா. உயிர் காக்கும் மருந்தின் உற்பத்தி நிலையம் அது! அறிக்கை வந்தது. நம் ஊரில் அறிக்கை வந்துவிட்டால் நோய் குணமானதாக ஐதீகம்.

"குதிரை பெரிசா, மனுஷன் பெரிசா?" என்று இப்போது ஒருவர் எழுந்து நிற்பார். இந்நாட்டில் பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் சாகிறார்கள் ஐயா. கடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு, மருந்திருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடி உறவினர்கள் ஊர் ஊராக அலைந்தபோது தாங்கள் எங்கே எழுந்து நின்றீர்கள்? மனுஷனையும் கவனிக்காதவர்கள்தான் குதிரையைக் கவனிக்காததற்கு மனுஷனைச் சாக்குச் சொல்கிறார்கள்.

மருந்துக்கு வேண்டியது பிளாஸ்மா மட்டும். சிவப்பணுக்களைப் பிரித்துக் குதிரைக்கே திரும்ப ஏற்றலாம். உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. கருவி வேண்டும், ஆள் வேண்டும், செலவாகும். அடிமாட்டு விலைக்கு டெண்டர் கேட்கும் அரசுக்கு இது காதில் விழாது.

மருந்துக் குப்பியின் லேபிளில் தொகுதி எண் உண்டு, காலாவதி தேதி உண்டு. கொள்முதல் அதிகாரிகளே, அடுத்த டெண்டரில் குதிரையின் ஹீமோகுளோபின் அளவையும் கேளுங்கள். குறைவாக இருந்தால் அந்தக் கம்பெனியிடம் வாங்காதீர்கள். விலை ஏறினால் கொடுங்கள்.