நடுவீட்டில் ஒரு கரிமூட்டம்

யார்க்‌ஷயர், இங்கிலாந்து
தை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பரளச்சியில் பங்குனி வெயிலில் கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்தீர்கள் என்று உங்களை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இந்தக் குளிரைப் பார்த்தபிறகு அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைக்கு வந்த வீட்டின் கூடத்தில் ஒரு இரும்பு அடுப்பு இருக்கிறது. சமைக்க அல்ல, குளிர்காய. முன்னால் கண்ணாடிக் கதவு, காற்றுக்குக் கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய். விறகும் போடலாம், நிலக்கரியும் போடலாம். விறகை பெட்ரோல் பங்கில் வலைப்பையில் கட்டி விற்கிறார்கள், பை 8 பவுன். உங்கள் மகள் நகையை விற்றுவிடவில்லை என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஊர்க் காசுக்கு அதுதான் பெயர்.

கரிமூட்டக்காரர் மருமகனுக்கு அடுப்பெரிக்க யார் சொல்லித்தர வேண்டும்? விறகு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று, நீங்கள் மூட்டத்து ஓட்டையில் மண்ணை அப்புகிற ஞாபகத்தில், முதல் ராத்திரியே இரண்டு வாயையும் இறுக்கி மூடிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் கண்ணாடி எருமைத்தோல் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. உள்ளே பாதி வெந்த கரி, வீடெல்லாம் தார் வாடை. "எங்கப்பா காட்டுல செய்யிறத நீங்க நடுவீட்டுல செஞ்சிருக்கீக" என்றாள் உங்கள் மகள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்த நாட்டின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி இந்தப் பக்கம்தான் இருந்தது. 2015 டிசம்பரில் மூடிவிட்டார்கள். 2023 மே மாதத்திலிருந்து வீட்டு அடுப்புக்குச் சாதா நிலக்கரி விற்கவும் தடை. ஆயுசு பூராவும் கரி வெட்டியவர் இப்போது விறகு எரிக்கிறார்.

உதவிக்கு வந்து அடுப்பைத் திறந்தவர் முதலில் கேட்டது, சாம்பல் எங்கே என்று. தினம் சுரண்டி வெளியே கொட்டுகிறேன் என்றேன், பெருமையாக. அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நிலக்கரிக்குத்தான் கீழிருந்து காற்று வேண்டுமாம். விறகு ஒரு விரல் உயரச் சாம்பல் மெத்தையில் படுத்துக்கொண்டு மேலிருந்துதான் காற்று வாங்குமாம். சூடு ஏறியதும் கட்டையிலிருந்து ஆவி கிளம்புகிறதே, கொழுந்துவிட்டு எரிவது அதுதான். அதற்குக் காற்றுக் கொடுக்காவிட்டால் தாராகிப் புகைபோக்கியில் அப்பிக்கொள்ளும். என்றைக்காவது அந்தத் தாரே தீப்பிடிக்கும். மாமா, நீங்கள் மூட்டத்திலிருந்து வெள்ளைப் புகையாக வானத்துக்கு அனுப்புகிறீர்களே, அதே ஆவிதான். நீங்கள் அதை விட்டுவிட்டுக் கரியை எடுக்கிறீர்கள். இவர்கள் இரண்டையும் எரித்துக் குளிர்காய்கிறார்கள்.

அடுத்த குற்றம், யாரோ வெட்டிப் போட்ட மரத்தைக் கேட்டு வாங்கி இழுத்துவந்தது. சும்மா கிடைக்கிறதே என்ற ஆசைதான். போட்டால் எரியவில்லை, பாம்பு மாதிரி சீறியது. பச்சை மரத்தில் எடைக்கு ஏறக்குறையப் பாதி தண்ணீராம். 2021 மே முதல் இங்கே சில்லறையாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. அதை அளக்க ஊசி வைத்த கருவி ஒன்று வாங்கினேன். கட்டையைப் பிளந்து, புதுப் பிளவில் குத்திப் பார்க்க வேண்டும். பெரியவர் அதைத் தொடக்கூட இல்லை. இரண்டு கட்டையை எடுத்து மோதினார். ணங் என்றால் காய்ந்தது, தொப் என்றால் பச்சை. மூட்டம் பிரித்ததும் கரியை நீங்கள் தட்டிக் கேட்பது ஞாபகம் வந்தது. மனுஷர் நம்ம ஆள்தான்.

பற்றவைப்பது மட்டும் தலைகீழ். தடிக்கட்டை அடியில், சுள்ளி அதற்கு மேலே, தீ உச்சியில். ஊரில் இப்படிச் செய்தால் கைகொட்டிச் சிரிப்பார்கள், ஆனால் புகை குறைவாகத்தான் வருகிறது. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்த பிறகு, 1956-இல் காற்றுக்கென்றே சட்டம் போட்டார்கள். குறித்துவைத்த ஊர்களில் புகைபோக்கி புகைந்தால் 300 பவுன் வரை அபராதம். உங்கள் மூட்டத்தை இங்கே ஒரு வாரம் போட்டால் திருச்சுழித் தாலுகாவையே விற்றுக் கட்ட வேண்டியிருக்கும்.

கறுத்த கண்ணாடியை உங்கள் மகள்தான் மீட்டாள். ஈரப் பேப்பரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள், பளிச்சென்று ஆகிவிட்டது. அத்தை ஈயப்பாத்திரம் துலக்குகிற அதே கைப்பக்குவம்.

நம் சீமைக்கருவையைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். விதைக்காமலே முளைக்கும், கல்லு மாதிரி இருக்கும், நின்று எரியும் என்றேன். அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017-இல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவு போட்டதையும் சொன்னேன். இவ்வளவு நல்ல விறகு மேல் யார் கேஸ் போட்டது என்கிறார். தண்ணீரைக் குடிக்கிறது, கண்மாயை அடைக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அடுத்த மூட்டம் பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள். தாரே இல்லாமல் கரி எடுக்கிற ஆளை அவர் பார்க்கணுமாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்