ஒரே இரவில் பிகாச்சு

சிறுவர் தினம் ஒக்டோபர் 1. வினோத உடைப் போட்டி இருக்கிறதென்று டீச்சர் கொடுத்தனுப்பிய துண்டு இரண்டு கிழமைக்கு முன்பே வந்துவிட்டது. அதை டிவிக்கு மேல் விரித்த பின்னல் துணிக்கு அடியில் பத்திரமாகச் செருகி வைத்திருக்கிறீர்கள். அங்கேயே இருக்கட்டும். 30ஆம் திகதி விடியற்காலை, நீங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடும் நேரம் பார்த்து மகள் அழுதுகொண்டே ஞாபகப்படுத்துவாள். வேஷத்துக்குத் தொப்பி பின்ன அதைவிட நல்ல நேரம் பஞ்சாங்கத்தில் இல்லை.

1. என்ன வேஷம் வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவள் வாய் திறப்பதற்குள் "கொழுந்துக்காரி" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். காசு செலவில்லை. கூடை வீட்டில் இருக்கிறது, இடுப்பில் கட்டும் படங்கு கொடியில் காய்கிறது. பதுளை டவுனில் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், கடையில் வாங்கிய குட்டிக் கூடையோடு அந்த வேஷத்தில்தான் மேடையேறுகிறார்கள். இரண்டு விரலால் காற்றைக் கிள்ளிவிட்டுப் பரிசோடு இறங்குகிறார்கள். உங்கள் மகளுக்கு மட்டும் ஏன் கசக்கிறது? "அம்மா தினம் போட்டுட்டுப் போறது வேஷமா?" என்பாள். இதற்குப் பதில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பேர் (அன்றைய நாட்கூலி) போய்விடும். "சரி, கார்ட்டூன் பிகாச்சு" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறுங்கள்.

2. தாத்தாவைக் கிட்டே விடாதீர்கள். மாசியில் கம்பம் நட்டு, விரதமிருந்து, காமன் கூத்தில் ரதியாக விடிய விடிய ஆடியவர் அவர். ஜப்பானில் நொபுயுகி தகஹாஷி என்ற பத்திரிகைக்காரர் 1980களில் 'காஸ்பிளே' என்று பெயர் சூட்டிய காரியத்தை, பெயரே இல்லாமல் தப்புச் சத்தத்துக்குச் செய்து முடித்தவர். அட்டையும் கோந்தும் ஜிகினாத் தாளும் கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் தலைக்குச் சரியாக ஒன்றைச் செய்து வைத்துவிடுவார். பிறகு ராத்திரி முழுக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?

3. அரைப் பேரோடு இறங்கி பதுளைக்கு பஸ் ஏறுங்கள். மஞ்சள் நூல் மூன்று உருண்டை வேண்டும். ஒரே கடையில் வாங்காதீர்கள். கடைக்கு ஒன்றாக மூன்று கடையில் வாங்குங்கள். ஒவ்வோர் உருண்டையிலும் சுற்றியிருக்கும் தாளில் சாய இலக்கம் அச்சடித்திருக்கும். இலக்கம் ஒன்றானால்தான் நூல் ஒரே தொட்டியில் தோய்ந்தது என்று அர்த்தம். அந்தத் தாளை பஸ்ஸிலேயே கிழித்துப் போடுங்கள். மூன்று மஞ்சளும் ஒன்றா என்று கடைக்குள் பல்பு வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். விலையைப் பார்க்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா சம்பளம் வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கத்தி 2021இல்தான் வாங்கினோம். நூல்காரர் யாரும் அதுவரை விலையை நிறுத்தி வைத்துக் காத்திருக்கவில்லை.

4. ஊசி வாங்காதீர்கள். அம்மாயியின் தகரப் பெட்டியில் ஒன்று இருக்கிறது. டிவித் துணி பின்னிய அதே கொக்கி ஊசி, ஒன்றரை மில்லிமீற்றர். கம்பளி நூலுக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றர் ஊசி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சின்ன ஊசியை வைத்துத் தடித்த நூலை இழுத்துப் பாருங்கள்: கொக்கி பாதி இழையைப் பிடிக்கும், பாதியை விடும், விரல் நுனி சிவக்கும், கண்ணி கல்லாக இறுகும். வருவது தொப்பியல்ல, கால்மிதி. குத்தினால் குண்டூசி இறங்காது. (இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் உதவும்.) அந்த ஊசியும் உடைந்தால் பழைய குடைக்கம்பியின் நுனியை வளைத்துக் கொள்ளுங்கள்.

5. தலையை அளக்காதீர்கள். பிள்ளை தூங்கிவிட்டாள், எழுப்புவது பாவம். உங்கள் முழங்காலில் போட்டுப் பார்த்தால் போதும்.

ஒழுங்காகப் பின்னுகிறவர்கள் இப்படிச் செய்வார்கள்: முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்ததில் 12, அதற்கடுத்து 18. சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாகப் படுக்கும். தலைச் சுற்றளவு 52 சென்றிமீற்றர் என்றால் அதை 3.14ஆல் வகுக்க வேண்டும். உச்சி வட்டம் பதினாறரை சென்றிமீற்றர் அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணிக்குக் கண்ணி நேரே இறங்கினால் தொப்பி. அவ்வளவுதான் கணக்கு. கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழித்தால் மறுகணமே கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். அந்தத் திறமையை இங்கே காட்டாதீர்கள். நான்காவது சுற்றில் பக்கத்துக் காம்பிரா அக்காவைக் கூப்பிட்டு, அவர் மருமகள் விஷயத்தைத் தொடங்கி வையுங்கள். மாமியார் பேச்சு வரும் இடத்தில் கண்ணி கூட்ட மறப்பீர்கள், வட்டம் குழிந்து கிண்ணமாகும். நகை அடகு வைத்த இடத்தில் ஒரே கண்ணியில் மூன்று குத்துவீர்கள், ஓரம் கோவா இலை மாதிரிச் சுருளும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று நம்புங்கள். பிரிக்க மட்டும் வேண்டாம். பிரித்துப் பின்னுவது தோற்றவர்கள் வேலை.

6. சந்தேகம் வந்தால் வீடியோ பாருங்கள். சிக்னல் தண்ணித் தொட்டிக்கு மேல்தான் கிடைக்கும்; குடை பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அமெரிக்கக்காரியின் வீடியோவில் பாதி, இங்கிலாந்துக்காரியின் வீடியோவில் பாதி பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் 'சிங்கிள்' என்பதைத்தான் இங்கிலாந்தில் 'டபிள்' என்கிறார்கள். இரண்டையும் கலந்தால் தொப்பியின் இடப்பக்கம் நெற்றியில் நிற்கும், வலப்பக்கம் தோளில் உட்காரும். டேட்டா முடிகிற இடத்தில் பாடத்தையும் முடித்துக்கொள்ளுங்கள்.

7. காது. பிகாச்சு என்றாலே காதுதான்: நீளமாக, நுனியில் கறுப்பாக. கறுப்பு நூல் வாங்க மறந்திருப்பீர்கள், அதனால் அப்பாவின் கறுப்புக் காலுறையை வெட்டித் தையுங்கள். அவர் அதைக் கல்யாணத்துக்கு மட்டும்தான் போடுகிறார். விறைப்புக்கு உள்ளே பிஸ்கட் பெட்டி அட்டை. அட்டை நனைந்தால் என்ன ஆகும் என்று இந்த வேளையில் யோசிப்பது அபசகுனம். மணி மூன்றரை. படுங்கள்.

8. காலையில் வெயிலில் பாருங்கள்: எலுமிச்சை, கடுகு, மஞ்சள்காமாலை என்று மூன்று வளையம். "நிழல் விழுகிற பக்கம்" என்று மகளுக்கு விளக்குங்கள். தொப்பி தலையில் இறங்காவிட்டால் எண்ணெய் தடவுங்கள். நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு, பிரதம விருந்தினர் பன்னிரண்டரைக்கு. பேச்சு முடிந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது மழை தொடங்கும். ஒக்டோபரில் பகல் திரும்பினால் இந்தப் பக்கத்து வானத்தை நம்பலாம். காது இரண்டும் மடிந்து கன்னத்தில் ஒட்டும். காலுறைச் சாயம் கழுத்து வரை இறங்கும். நடுவர் குனிந்து "நாய்க்குட்டியா?" என்று அன்பாகக் கேட்பார். பிள்ளைக்கு முன் நீங்கள் முந்திக்கொண்டு "ஆமாம் சேர்" என்று சொல்லுங்கள்.

முதல் பரிசு கொழுந்துக்காரிக்கு. அவள் கூடையில் பிளாஸ்டிக் இலை.

9. தொப்பியை எறியாதீர்கள். இரண்டு நாள் அடுப்புக்கு மேல் தொங்கட்டும். காய்ந்ததும் சுருங்கி, இன்னும் இறுகி, புகை மணத்தோடு உங்கள் தலைக்கு அளவெடுத்தது போல வந்து நிற்கும். கூடைக் கயிறு உச்சியில் அறுக்கிற இடத்துக்குத் துணி மடித்து வைப்பீர்கள் அல்லவா, அந்த இடத்தில் இதை மாட்டுங்கள். பத்துத் துணி மடித்தாலும் இந்தத் தடிப்பு வராது. கங்காணி சிரிப்பார். சிரித்தபடியே பேர் போடட்டும்.

தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்கு மேல் மலையில் நிற்கிறவர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. 1924இலிருந்து பதுளைக்கு வரும் அந்த ரயில், எல்ல தாண்டி ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து மெதுவாக ஊர்ந்து வரும். வாசலில் தொங்குகிற வெள்ளைக்காரர்கள் கொழுந்துக்காரியைக் கண்டதும் கமராவைத் தூக்குவார்கள். கயிற்றைச் சற்றுப் பின்னால் தள்ளி, அட்டைக் காது இரண்டையும் நிமிர்த்திவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பி நில்லுங்கள்.