கண்ணாடியை மாற்றும் முன் மானிட்டரைப் பாருங்கள்!
கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

புதிதாக 24 அங்குல மானிட்டர் வாங்கினேன். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
*(டிடிபி பணியாளர், சிவகாசி)*

அவசரப்படாதீர்கள். மானிட்டர் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும், அமைப்புதான் தவறியிருக்கும். ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்கே 1920 பிக்சல், மேலிருந்து கீழே 1080 பிக்சல். மொத்தம் 20,73,600. தொழிற்சாலையில் பதித்த இந்த எண்ணிக்கை கடைசிவரை மாறாது. இதைத்தான் நேட்டிவ் ரெசல்யூஷன் என்கிறோம். கம்ப்யூட்டர் 1366×768 அளவில் படம் அனுப்பினால், அதன் ஒவ்வொரு புள்ளியையும் குறுக்கிலும் நெடுக்கிலும் சுமார் 1.4 பிக்சல் வீதம் பரப்பியாக வேண்டும். பதினைந்து புள்ளிக் கோலத்தை இருபத்தொரு புள்ளி வைத்த வாசலில் போட முயன்றால் இழை புள்ளிகளுக்கு நடுவே விழும் அல்லவா? அதே கதைதான். பாதிப் பிக்சலை எரியவிட முடியாது என்பதால் மானிட்டர் ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் நிரப்பிச் சமாளிக்கிறது. நீங்கள் பார்க்கும் மங்கல் அந்தச் சாம்பல்தான்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போங்கள். 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒத்துவராவிட்டால் 15 விநாடியில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தைரியமாக மாற்றலாம்.

அப்படித்தான் மாற்றினேன். எழுத்து பொடிப்பொடியாகிவிட்டது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய ரெசல்யூஷனுக்கே போய்விடட்டுமா?
*(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)*

வேண்டாம் ஐயா! ரெசல்யூஷனைத் தொடாமல், அதற்கு மேலேயே இருக்கும் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 சதவீதமாக ஏற்றுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தால், குறைந்த புள்ளிகளில் வரைந்த எழுத்து இழுத்து நீட்டப்படும். ஸ்கேலை ஏற்றினால், அதே எழுத்து கூடுதல் பிக்சல்களில் புதிதாக வரையப்படும். முன்னது பெரிய மங்கல், பின்னது பெரிய தெளிவு.

தமிழுக்கு இது மிகவும் முக்கியம். 'ன'வையும் 'ண'வையும் பிரிப்பது ஒரு சுழி. 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பது மேல்விலங்கின் நுனியில் இருக்கும் சின்ன வளைவு. மெய்யெழுத்தின் புள்ளிக்குத் திரையில் கிடைப்பதே ஓரிரு பிக்சல்கள்தாம். அவையும் கலங்கினால் பிழை திருத்துபவர் எதை நம்பித் திருத்துவார்?

ரெசல்யூஷன் பட்டியலில் 1024×768-க்கு மேல் எதுவுமே இல்லையே?
*(கல்லூரி மாணவி, திருச்சி)*

விண்டோஸை அண்மையில் மறுபடி நிறுவினீர்களா? அப்படியானால் கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் காரணமாக இருக்கும். 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' பகுதியைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால், உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு உரிய டிரைவர் இன்னும் ஏறவில்லை என்று பொருள். விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். அதிலும் வராவிட்டால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றில் உங்கள் சிப் எந்த நிறுவனத்தினுடையதோ அந்தத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். வேறு எந்தத் தளமும் வேண்டாம்.

டிரைவர் சரியாக இருக்கிறது. ஆனாலும் 1920×1080 பட்டியலில் வரவில்லை. விஜிஏ கேபிள்தான் போட்டிருக்கிறேன்.
*(ஜெராக்ஸ் கடைக்காரர், தென்காசி)*

பதிலைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள்: கேபிள்! மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. தன் மாடல் என்ன, எத்தனை பிக்சல் என்ற விவரத்தையெல்லாம் 128 பைட்டுக்குள் அடக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஈடிஐடி என்ற இந்த ஏற்பாடு 1994-இல் வந்தது. விஜிஏ இணைப்பியின் 15 பின்களில் 12-ஆவதும் 15-ஆவதும் இந்தப் பேச்சுவார்த்தைக்கு உரியவை. மலிவான சில கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருப்பதில்லை. சிலவற்றில் பின் வளைந்திருக்கும். மானிட்டர் யாரென்றே தெரியாதபோது கம்ப்யூட்டர் எதற்கு வம்பு என்று சிறிய அளவோடு நின்றுவிடும்.

இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். விஜிஏ 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் முறை. அதைக் கைவிட வழியில்லை என்றால், நல்ல கேபிள் போட்டு, சரியான ரெசல்யூஷன் வைத்து, மானிட்டரில் உள்ள 'ஆட்டோ அட்ஜஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எழுத்தின் நடுக்கம் அடங்கும்.

லேப்டாப்பில் பளிச்சென்று இருக்கிறது. வெளி மானிட்டரில் மட்டும் மங்கல். ஏன்?
*(கணக்காளர், கோவை)*

'டூப்ளிகேட்' முறையில் ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. அதில் இரண்டு திரைக்கும் ஒரே ரெசல்யூஷன்தான். லேப்டாப் 1366×768 என்றால் மானிட்டரும் அதற்கு இறங்கிவரும். விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்கள். இரண்டும் அதனதன் அளவில் இயங்கும்.

4கே மானிட்டரில் 3840×2160 வந்துவிட்டது. ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது.
*(வீடியோ எடிட்டர், சென்னை)*

ரெசல்யூஷன் வந்துவிட்டது, வேகம் வரவில்லை. 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே'யில் ரெஃப்ரெஷ் ரேட் 30 ஹெர்ட்ஸ் என்று காட்டும், பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் போகும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 தேவை. கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றுமே அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் மற்ற இரண்டும் அதன் வேகத்துக்கே நடக்கும்.

டிவியை மானிட்டராக்கினேன். டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது.
*(வாசகர், யாழ்ப்பாணம்)*

அது ஓவர்ஸ்கேன். பழைய படக்குழாய் டிவிகளில் ஓரம் ஒழுங்காக வராது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பார்கள். அந்தப் பழக்கம் இன்றைய டிவியிலும் தொடர்கிறது. ஓரம் போவதோடு மீதிப் படமும் இழுபடுவதால் தெளிவும் போகும். டிவியின் பிக்சர் மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' என்று ஏதாவது ஒரு பெயரில் இதற்கு மருந்து இருக்கும்.

கேம் வேகமாக ஓட ரெசல்யூஷனைக் குறைக்கலாமா?
*(பள்ளி மாணவர், ஈரோடு)*

கேமுக்குள் குறைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸில் குறைக்காதீர்கள். விளையாட்டு முடிந்ததும் பாடம் படிக்க அதே திரைக்குத்தானே வரவேண்டும்?

எழுத்து வேலைக்கு 27 அங்குலம் வாங்கினால் நல்லதுதானே?
*(மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி)*

அங்குலத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஃபுல் எச்டியே 24 அங்குலத்தில் இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 27 அங்குலத்தில் சுமார் 82 தான். திரை பெரிதாகும், எழுத்து சொரசொரப்பாகும். 27 வாங்குவதென்றால் 2560×1440 வாங்குங்கள். சுமார் 109 கிடைக்கும். அந்த வசதி இல்லையென்றால் 24-இல் ஃபுல் எச்டியே போதும்.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்திலும் ஊர் நூலகத்திலும் பிள்ளைகளின் பள்ளியிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் ஒருமுறை 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' திறந்து பாருங்கள். ரெசல்யூஷன் பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' என்ற சொல் இல்லையென்றால், பொறுப்பாளரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். செலவு கிடையாது, ஒரு நிமிட வேலை. அந்தத் திரையை நாள் முழுக்கப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அது பேருதவி.