டார்க் ரெஞ்ச் இருக்குதுங்களா?

காரைத் தாழ்த்த ஆசைப்படுகிறவர்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் காலையில் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டுச் சாயங்காலம் அவினாசி ரோட்டில் தீப்பொறி பறக்கப் போகும். அவர்களைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். இன்னொரு ரகம், காரைப் பாதுகாப்பாகத் தாழ்த்த விரும்புகிறவர். இவர்தான் ஆபத்தானவர்.

ஆள் நாற்பதை நெருங்கியிருப்பார். பம்ப் செட் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருப்பார். வைத்திருப்பது நீல ஸ்விஃப்ட். (இந்த ரகத்தில் எல்லோரிடமும் நீல ஸ்விஃப்ட்தானா என்று கேட்காதீர்கள்.) மகள் பள்ளிக்கூடப் பையைப் பின் சீட்டில் எறிந்தால்கூட, சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என்று திரும்பிப் பார்ப்பார். ஜெர்மனியில் செய்தது என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த நான்கு ஸ்பிரிங்குகளை வாங்கி வைத்திருப்பார். வண்டியை அவை 35 மில்லிமீட்டர் இறக்கும். மாட்டுவதற்குச் சரியான கடை மட்டும் அகப்படவில்லை. அகப்படும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் தேடுவார். துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போவார். அந்த ஆள் யார் என்பது இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கடைக்குள் போனதும் வந்த விஷயத்தைச் சொல்ல மாட்டார். சம்பந்தம் பேச வந்த பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சமையல்கட்டை எட்டிப் பார்ப்பதுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் ஸ்டாண்ட் இருக்கிறதா, இல்லை ஜாக்கியும் பாதி ஹாலோ பிளாக்கும்தானா என்று குனிந்து பார்ப்பார். பிறகு கேட்பார்:

"ஏனுங்ணா, டார்க் ரெஞ்ச் இருக்குதுங்களா?"

போல்ட்டை இத்தனை விசைக்குத்தான் இறுக்க வேண்டும் என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லி நிறுத்துகிற ஸ்பேனர்தான் டார்க் ரெஞ்ச். கணபதியில் ஒரு பெரியவர் இந்தக் கேள்விக்குத் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். "முப்பது வருஷமா இதுதானுங்க டார்க் ரெஞ்ச்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இவர் அந்தக் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "இதைக் கடைசியா எப்பங்ணா கேலிபரேட் பண்ணுனீங்க?" என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. "தம்பீ, இவிங்க ரெண்டு பேருக்கும் டீ சொல்லு" என்றார். கோயம்புத்தூரில் வெளியே போ என்பதையும் டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொல்வார்கள்.

உக்கடத்தில் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. "புது ஸ்பிரிங்கு எதுக்குங்ணா தண்டச் செலவு? இருக்கறதுலயே ஒண்ணரைச் சுத்து அறுத்துப்போடலாம். ஐந்நூறு ரூவா குடுங்க, போதும்" என்று ஒருவர் கிரைண்டரைக் கையிலேயே எடுத்துவிட்டார். நம் ஆளுக்கு முகம் வெளிறிவிட்டது. அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது, வண்டி குழியில் இறங்கிச் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இடம்விட்டு நகர்ந்துவிடும், ஷாக் அப்சார்பர் அடி வாங்கியே சாகும் என்று நின்ற இடத்திலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார். முதலாளி போன் பேசப் போய்விட்டார். கடைப் பையன் மட்டும் கழுவின போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டான். முடிந்ததும், "சார் எந்த காலேஜுங்?" என்றான். அன்று முழுக்க இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கடை. வழுவழுப்பான தரை, ஏசி, காபி மெஷின். டார்க் ரெஞ்ச்சும் இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் பிரிபடவில்லை. எடுத்துக் காட்ட முடியுமா என்று இவர் கேட்டார். சாவி பார்ட்னரிடம் இருக்கிறதாம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும், இவர் கேட்பது எதுவும் தப்பில்லை. முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமானால், கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகுகளை இருபுறமும் மாட்டி, மாற்றி மாற்றித் திருகி, அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உச்சி நட்டைக் கழற்றலாம். பல கடைகளில் அந்தத் திருகின் மரை தேய்ந்து வழுவழுத்துக் கிடப்பதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். அது வழுக்கினால் ஸ்பிரிங் ஆளைத் தூக்கி அடிக்கும். உச்சி நட்டைத் திருகும்போது ஷாக்கின் தண்டும் கூடவே சுற்றும். சுற்றாமல் இருக்க அதைக் கட்டிங் பிளேயரால் கவ்விப் பிடிப்பார்கள். பளபளப்பான தண்டில் பல் பதியும். அந்தக் கீறல் ஏறி இறங்கி ஆயில் சீலைக் கிழித்து, ஷாக் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகினால், "ரோடு சரியில்லீங்க" என்பார்கள்.

ஸ்பிரிங்கை விடுங்கள். சக்கர நட்டையாவது அளவோடு இறுக்குகிற டயர் கடை எத்தனை இருக்கிறது? ஏர் கன்னை வைத்துக் கடகடவென்று அடித்துவிட்டு, போதாததற்குக் குழாயைச் செருகி மேலே ஏறியும் மிதிப்பான். ராத்திரி பத்து மணிக்கு சேலம் பைபாஸில் பஞ்சரானால், டிக்கியில் இருக்கும் ஸ்பேனரால் அது அசையாது. குடும்பத்தை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அந்த ஸ்பேனர்மேல் குதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது வேடிக்கை இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. புத்தகத்தில் அளவு போட்டிருக்கிறது. ஒரு கருவி வாங்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, நம் ஆளுக்கு வருவோம். எல்லாக் கேள்விக்கும் தப்பித்தவறி ஒருவர் பதில் சொல்லிவிட்டால் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். "லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி தொங்கறப்பவே முடுக்கிருவீங்களா, சக்கரம் தரையில நின்னதுக்கப்புறமா?" தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். ஒன்றைத் தவிர, இந்தக் கேள்வியில் தேறிய கடையை நான் பார்த்ததில்லை.

இத்தனை கேட்கிறவரிடம் நாம் ஒன்று கேட்டால் பிடிக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை ஜெயில், அல்லது இரண்டும். சொல்லிப் பார்த்தேன். "ஆர்.சி.ல ஸ்பிரிங் நீளம் எங்கீங்க போட்டிருக்குது?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவரே, "நாலு ஸ்பிரிங்கு, ஒரு மாற்றமா, நாலு மாற்றமா?" என்று கேட்டார்.

கடைசியில் செட்டிபாளையம் போனோம். கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கேதான் இருக்கிறது. மாருதி இன்ஜினை வைத்து உள்ளூரிலேயே பந்தயக் கார் கட்டி, 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தனின் பேரில் அமைந்த டிராக். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். இந்த ஊரில் ஸ்பிரிங் மாட்டத் தெரிந்த ஒருவர்கூடவா இருக்க மாட்டார்?

இருந்தார். ராலி வண்டிகளுக்கு வேலை செய்கிற, தலை நரைத்த ஒல்லி மனிதர். சுவரில் டார்க் ரெஞ்ச் சிறிதும் பெரிதுமாகத் தொங்கியது. புஷ் கேள்வியை இவர் பாதி கேட்கும்போதே, "நின்னதுக்கப்புறம்தானுங்க. அப்புறம் அலைன்மென்ட். இல்லீன்னா டயர் உள்பக்கம் தேஞ்சிரும்" என்றார். "பம்ப் ஸ்டாப் எவ்வளவு வெட்டறதுன்னு பெட்டில ஒரு தாள் இருக்குமே, கொண்டாந்தீங்களா?" என்று அவரே ஒரு கேள்வியும் கேட்டார். நம் ஆளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"எப்பங்ணா வண்டி கொண்டாரட்டும்?"

"நாளைக்கே வாங்க."

திரும்பி வரும் வழியில், ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட வேகத்தடை ஒன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்வது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். இது மண்ணைக் குவித்துத் தார் பூசிய மேடு. ஸ்பிரிங் மாற்றாத வண்டி, உள்ளே இரண்டே பேர். ஆனாலும் அடியில் 'கர்ரக்' என்றது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, கர்ச்சீப்பை விரித்து முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். கம்பெனிக் கணக்கில் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 35 போனால் 128. வாய் திறந்து சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

போத்தனூர் வந்த பிறகுதான் பேசினார். "அந்தக் கடையில தரை மட்டமா இல்லைங்க. கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பெருந்துறைப் பக்கம் ஒரு கடை பார்க்கலாம் என்றார். சரி என்றேன். மனுஷன் கெட்டவர் இல்லை. கேட்டால் எந்த நேரத்திலும் வந்து என் வண்டி சக்கரத்தைத் தன் டார்க் ரெஞ்ச்சால் முடுக்கித் தருகிறவர். ஆனால் அந்த ஜெர்மன் பெட்டி இருக்கிறதே, வீட்டில் விலை கேட்பார்கள் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் என் வீட்டுப் பரணில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. இரும்பு ஸ்பிரிங் நாலும் சேர்ந்து நல்ல கனம். நவராத்திரிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும். கொலு பொம்மைப் பெட்டி அதற்கு அடியில் இருக்கிறது.