80 கிலோவும் ஒரு செருப்பும்

பொங்கல் முடிந்த வாரம் எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் அவர் இருப்பார். நாற்பதைத் தொட்ட வயது, புது ஷூ, ஓராண்டுச் சந்தா கட்டிய ரசீது, கல்லூரிக் கபடி அணியின் பழைய பனியன். பனியனில் இருக்கும் அணியின் பெயர் வயிற்றுக்கு மேலே எழுத்து எழுத்தாக விலகிப் போயிருக்கும். கண்ணாடியில் அவருக்குத் தெரிவதோ அந்தப் பனியனை முதன்முதலில் போட்டுக்கொண்ட பையன்தான். ட்ரெய்னர் 20 கிலோ வெறுங்கம்பியைக் காட்டி, "சார், ரெண்டு வாரம் இதுல பழகுங்க" என்றால், "தம்பி, நான் அப்பவே நூறு தூக்கினவன்" என்று தோளில் தட்டுவார். நூறு தூக்கியவர் 80-இல் தொடங்குவது அவர் கணக்கில் தன்னடக்கம்.

இவரை வீம்புக்காரர் என்பார்கள். எனக்கென்னவோ அவர் இடுப்பைக் கெடுப்பது அவருடைய ஞாபகசக்திதான் என்று தோன்றுகிறது. அதிலும் பாதி ஞாபகம் உண்மையானது என்பதுதான் சிக்கல். ஒரு காலத்தில் பழகிய தசை, புதிதாகப் பழகும் தசையைவிடச் சீக்கிரம் பலம் பெற்றுவிடும். தசைநாண்களுக்கு அந்த அவசரம் கிடையாது. முதுகெலும்பு வட்டுகள் இன்னும் மந்தம். பெரியவர்களுக்கு அவற்றுக்குள் ரத்தக்குழாயே அநேகமாக இல்லை, சத்து கசிந்து கசிந்துதான் போய்ச் சேரவேண்டும். ஆக, தசை கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. வட்டும் நாணும் இன்னும் பஸ் ஸ்டாண்டில் நிற்கின்றன. இவர் 80-ஐத் தூக்கியும் விடுகிறார். தூக்க முடியாமல் போயிருந்தால் தப்பித்திருப்பார்.

"அன்னிக்கு ஒண்ணும் பண்ணலையே! மறுநாள் காலையில செருப்பை எடுக்கக் குனிஞ்சேன், பிடிச்சுக்கிச்சு" என்பது அவர் தரப்பு வாதம். 80 கிலோவை விடுதலை செய்துவிட்டு, கால் கிலோ செருப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். செருப்பு கிடைக்காவிட்டால் முந்தின நாள் வாழைக்காய் வறுவல், வாயு. ஆனால் பழகாத உழைப்பின் வலி ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். போதாததற்கு, இரவெல்லாம் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த கையோடு குனிந்தால் அவற்றின் மேல் இழுவிசை அதிகம். செருப்பு அங்கே வெறும் சாட்சி.

"எல்லாம் வயசு சார்" என்பது அடுத்த வாதம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011-இல் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 18. அடுத்த டெஸ்டை 2017-இல்தான் ஆடினார். நடுவில் அவரை அதிகம் படுத்தியது முதுகு. பதினெட்டு வயது எலும்பும் தன் பக்குவத்துக்கு மீறிய சுமையைப் பொறுத்துக்கொள்வதில்லை. வயது வட்டியைக் கூட்டலாம். கடன் வாங்கியது அந்த 80 கிலோ.

அப்படியானால் பேசாமல் படுத்துவிடலாமே என்பார்கள். அவரும் அதைத்தான் செய்கிறார்: தைலம், வெந்நீர்ப் பை, சுளுக்கெடுக்கும் பாட்டி, பத்து நாள் பாய். காலில் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது மாதிரி ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடவேண்டும், அது வேறு. மற்றபடி இடுப்புப் பிடிப்புக்குப் படுக்கை பெரிய மருந்தல்ல. 1986-இல் அமெரிக்காவில் ஒரு சாராருக்கு 2 நாளும் இன்னொரு சாராருக்கு 7 நாளும் படுக்கை ஓய்வு சொல்லிப் பார்த்தார்கள். 2 நாள்காரர்கள் வேலைக்கு மட்டம் போட்ட நாட்கள் குறைவு. குணமானதில் அவர்கள் பின்தங்கவும் இல்லை. அதனால் ஜிம்மையே விட்டுவிடவும் வேண்டாம்: கம்பியின் எடை ஏறிய வேகம்தான் தப்பு, கம்பியைத் தொட்டது தப்பில்லை.

பதினோராம் நாள் அவர் திரும்ப வருகிறார். ட்ரெய்னர் ஒன்றும் பேசாமல் அதே வெறுங்கம்பியைக் காட்டுகிறார். இவர் குனிவதற்கு முன், அந்தப் பக்கம் ட்ரெட்மில்லில் ஓடும் பொடியன்கள் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். இருவர் பார்க்கிறார்கள். "தம்பி, ரெண்டு பக்கமும் ஒரு பத்து மட்டும் போடு."