விரதம் கலைத்த சீமா

கொடைக்கானலில் 'நான் மண்ணின் மைந்தன்' என்று பளியர் பழங்குடிகள் மார்தட்டலாம். பூம்பாறை, மன்னவனூர் கிராமத்துக்காரர்கள் சற்று மெதுவாகத் தட்டலாம். மற்றவர்கள் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது நல்லது, குளிருக்கும் இதம். 1845-இல் மதுரை வெயில் தாங்காத அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். இன்று நாம் செல்ஃபி எடுக்கும் ஏரியே அரசு நியமனம்தான். யூகலிப்டஸும் சீகையும் ஆஸ்திரேலியா. பேரிக்காயும் ப்ளம்ஸும் கப்பலேறி வந்தவை. பழநி மலைத்தொடர் யாரிடமும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

கொல்கத்தாவில் ஒரு ஃபுட்பால் கிளப் கேட்டது. அதுவும் நூறு வருஷம்.

1889-இல் பிறந்த மோகன் பகான்தான் அது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். அந்தப் பக்கம் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இந்தப் பக்கம் ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். 2-1 என்று ஜெயித்தார்கள். சுதந்திரத்துக்கு 36 வருஷம் முன்பே ஓர் ஆட்ட நேர சுதந்திரம். அந்தப் பெருமை கொண்ட கிளப் ஒரு விரதம் காத்தது: வெளிநாட்டு ஆட்டக்காரர் கூடாது. பந்து வெளிநாடு, கோல் கம்பம் வெளிநாடு, ஆஃப்சைடு என்ற தலைவலி வெளிநாடு. ஆட்களை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

எதிரி கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதன் ரசிகர்களில் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் வங்க எல்லைக்கு அந்தப் பக்கம். வந்தேறியின் வலி வந்தேறிக்குத்தானே தெரியும்? 1980-இல் அலிகார் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரான்காரர்கள் மஜித் பிஷ்கரையும் ஜம்ஷித் நசீரியையும் அள்ளிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் ஏஜென்ட், ஏலம் எல்லாம் ஏது? கல்லூரி ஹாஸ்டல்தான் ஆள்பிடிக்கும் சந்தை.

அதே வழியில் வந்தவர் நைஜீரியாவின் சீமா ஒகோரி. 80-களின் நடுவில் இந்தியாவுக்குப் படிக்க வந்தார். பெற்றோர் எதிர்பார்த்தது பட்டமாக இருக்கலாம். கொல்கத்தா கொடுத்தது ஜெர்சி. முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், அடுத்து ஈஸ்ட் பெங்கால். ஆள் வாட்டசாட்டம். பந்தோடு அவர் ஓடி வரும்போது தடுப்பாட்டக்காரர்களுக்குத் தத்துவ விசாரம் தோன்றும்: நான் யார், எதற்காக இங்கே நிற்கிறேன்? பதில் கிடைப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும்.

இதை எதிர்முகாமிலிருந்து பார்த்துப் பார்த்து மோகன் பகானின் கொள்கை இளைத்தது. 1991-இல் சீமாவையே கூப்பிட்டு, அந்தக் கிளப்பின் முதல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஆக்கினார்கள். அதே வருஷம் கஜானா காய்ந்துபோன இந்தியா தங்கத்தை அடகு வைத்தது. மன்மோகன் சிங் பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டார். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. மோகன் பகானுக்கு அந்நிய ஸ்ட்ரைக்கர். இரண்டு இடத்திலும் கொள்கையை யாரும் கைவிடவில்லை. பத்திரமாக மடித்துப் பீரோவில் வைத்தார்கள்.

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் விலை ஏறும். மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். இரண்டையும் ஏற்றிவிட்ட சீமா, டென்மார்க்கின் புராண்ட்பி கிளப்புக்குப் போனார்; பிறகு இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி டவுனுக்கு. கிரிம்ஸ்பி எப்படிப்பட்ட ஊர்? மீன்பிடித் துறைமுகம். ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். தலையெழுத்தில் மீன் என்றிருந்தால் கடல் தாண்டினாலும் விடாது. அங்கே சில ஆட்டங்களோடு கணக்கு முடிந்தது. வெளியாளுக்கு எங்கேயும் பொறுமை குறைவுதான். கொடைக்கானல் சீகையையே பாருங்கள்: வேகமாக வளர்கிறது என்று நட்டவர்களே, இப்போது வேகமாக வளர்ந்து புல்வெளியை விழுங்கிவிட்டது என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள்.

சீமா மோகன் பகானுக்கே திரும்பினார். 1997 ஜூலை 13, சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. எதிரே ஈஸ்ட் பெங்கால். பார்க்க வந்தவர்கள் 1,31,000 பேருக்கு மேல். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' என்றொரு வியூகம் வகுத்திருந்தார். வியூகத்தைவிட வாய் கூர்மை. எதிரணியின் பைச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார். கென்யாவிலிருந்து வந்திருந்த தடுப்பாட்டக்காரர் சாமி ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார். பிழைப்புக்காகக் கண்டம் தாண்டி வந்தவனை டிபன் ஐட்டம் ஆக்கிவிட்டார்.

'சுங் சுங்' மூன்று கோல் போட்டார். மொத்தக் கணக்கு 4-1. டைமண்ட் அன்றைக்குக் கண்ணாடித் துண்டாகிவிட்டது. அந்த ஒரே ஒரு கோலை மோகன் பகானுக்காகப் போட்டவர் யார் என்கிறீர்கள்? நூறு வருஷம் வாசலில் நிறுத்திவைத்த இனத்தைச் சேர்ந்த சீமா ஒகோரிதான். ஆம்லெட் போடக் கிளம்பிய மோகன் பகான் முட்டை வாங்காமல் தப்பியது, ஒரு நைஜீரியாக்காரர் புண்ணியத்தில்.