தங்க நிறத்துக்கு லேசரில் பட்டன் இல்லை

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் நம்மூர் நிறுவனங்களுக்கு ஷீல்டு ஞாபகம் வரும். உடனே வாட்ஸ்அப்பில் லோகோ புறப்படும்: பத்துக் கை மாறிய, தபால்தலை அளவு ஜேபிஜி. கூடவே ஒரு வரி: "இதை அப்படியே அடிச்சுக் குடுங்க." அப்படியே வராது, வரவும் கூடாது. எஃகை லேசரால் பொறிக்கும்போது பெரும்பாலும் இரண்டே கட்டளைதான்: சுரண்டு, சுரண்டாதே. லோகோவில் மஞ்சளிலிருந்து தங்க நிறத்துக்கு வழுக்கும் சூரியன், அதற்கொரு நிழல், நிழலுக்கொரு பளபளப்பு எல்லாம் டம்ளரில் ஒரே சாம்பல் திட்டு. கணக்கும் ஒத்துழைக்காது. அச்சு வழக்கப்படி அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 200 புள்ளி அகல லோகோ முக்கால் அங்குலத்தைக்கூடத் தொடாது; ஆறு அங்குல ஷீல்டுக்கு 1800 வேண்டும். போதாததற்கு ஜேபிஜி, படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. சுருக்கச் சுருக்க எழுத்தோரத்தில் கொசு மொய்த்ததுபோல் அழுக்கு சேரும். கண் அதை மன்னித்துவிடும். லேசர் ஒரு கொசுவையும் விடாது.

"அதான் ஆட்டோ ட்ரேஸ் இருக்கே?" இருக்கிறது. அழுக்கையும் சேர்த்தே கோடாக்கித் தரும். நாலு புள்ளியில் முடியவேண்டிய வட்டம் நானூறு மூலையோடு வந்து நிற்கும். "பிடிஎஃப்-ஆ அனுப்பிட்டோமே?" வேர்டில் ஒட்டி பிடிஎஃப் ஆக்கினாலும் உள்ளே இருப்பது அதே ஜேபிஜிதான். "லோகோவை மாத்தினா முதலாளி கோபிப்பாரே?" இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் லோகோ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பேனாவில் ஏறும்போது, அகலத்தில் நூற்றில் ஒரு பங்கான கோடு 0.1 மில்லிமீட்டர்தான். '1972 முதல் உங்கள் நம்பிக்கை' என்ற அடிவரியில் 9-இன் வயிறு அடைபடும். மெய்ப்புள்ளிகள் பறந்து நம்பிக்கை 'நமபிககை' ஆகும். கோட்டைத் தடிப்பாக்கி, நிழலை நீக்கி, அந்த வரியையே எடுத்துவிடுவதுதான் முதலாளிக்கும் மரியாதை. பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவருக்கு இது பழைய பாடம். கல்யாணப் பத்திரிகையின் கொடியெழுத்தை நீட்டினாலும், தலையாட்டிவிட்டு அவர் வெட்டுவது தன் எழுத்தைத்தான்.

ஆகவே லோகோ வரைந்தவரைத் தேடிப் பிடித்து, புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே இருக்கும் வெக்டர் கோப்பை வாங்குங்கள். சிடிஆர், எஸ்விஜி எதுவானாலும் சரி. எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த ஃபாண்ட் இல்லாத கடையில் நிறுவனத்தின் பெயர் வெறும் கட்டங்களாக நிற்கக்கூடும். ஒரே கறுப்பில் இன்னொரு பிரதியும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன் என்றால், தயவுசெய்து டாக்குமென்டாக அனுப்புங்கள்.